கேஸ் போச்சாம்

மூன்று நாட்கள் நாங்கள் ஒரு குசுவுக்காகக் காத்திருந்தோம்.

நாகரிகமாகச் சொல்ல எனக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவள் நான். அபானவாயு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, சிரித்த பிள்ளைகளை முறைத்தவள். ஆனால் பெங்களூர் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில், குடல் ஆபரேஷன் முடிந்த ஏழு பேர் வரிசையாகப் படுத்திருந்த அந்த வார்டில், எல்லாரும் அதற்குத்தான் தவம் கிடந்தார்கள். அது வந்தால்தான் குடல் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். வந்தபிறகுதான் வாய்வழியாகத் தண்ணீர்கூடக் கொடுப்பார்கள். யாருக்காவது வந்துவிட்டால் அந்தக் கட்டிலைச் சுற்றிக் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு வந்தபோது அவர் மனைவி எங்களுக்கெல்லாம் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். அப்பாவுக்கு மட்டும் வரவில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுபத்தாறு வயது. கோலார் தங்கவயலில் மைன்ஸ் மூடும்வரை கீழே இறங்கி வேலை செய்தவர். மூடிய பிறகு என்ன செய்தார் என்றால், மூடியவர்களைத் திட்டினார். அதுவே அவருக்கு ஒரு முழுநேர வேலையாக இருந்தது. அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஊரிகத்தில் மைன்ஸ்காரர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் அவரும் நானும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்பவர்களுக்கு வருடத்துக்கு ஒரு காரணம் சொல்வேன். தம்பி குடும்பத்தோடு ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறான். காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவன்.

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறவர். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், கொள்ளு ரசம். குளிர்காலத்தில் அவரைக்காய் வந்துவிட்டால் பிதுக்கம்பருப்புக் குழம்பு. வீட்டில் நெய் இல்லாத நாள் உண்டு, கீரை இல்லாத நாள் கிடையாது. அப்படிப்பட்டவருக்குப் போன ஆடியில் வயிறு கல்லாக உப்பிக்கொண்டது. இரண்டு நாள் ஓமத் தண்ணீர் குடித்துச் சமாளித்தார். மூன்றாவது நாள் நானும் தம்பியும் ஆம்புலன்ஸில் போட்டு பெங்களூருக்குக் கொண்டுபோனோம். பெருங்குடலின் கடைசிப் பகுதி முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று, கருத்துப் போயிருந்தது.

"இவ்ளோ கீரை சாப்பிடறவருக்கா டாக்டர்?" என்று கேட்டேன். ஆபரேஷன் செய்த டாக்டர் அம்மா பெங்களூர் தமிழர். நார் நிறையச் சாப்பிட்டே பழகியவர்களுக்கு அந்தக் குடல் நீண்டு கனத்துப்போய், வயதான பிறகு முறுக்கிக்கொள்வதும் உண்டு என்றார். நல்லது செய்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கருத்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்தத் தையல் ஆறும்வரை அதன்வழியாக எதுவும் போகக்கூடாது. அதற்காகச் சிறுகுடலின் ஓரிடத்தை வயிற்றுக்கு வெளியே இழுத்து, வாய் திறந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். சாப்பிடுவதெல்லாம் பாதி வழியிலேயே பையில் இறங்கிவிடும். பெருங்குடலுக்கு ஒன்றும் போகாது. சில மாதம் கழித்து மறுபடி உள்ளே சேர்த்துவிடலாம் என்றார்கள்.

அந்தப் பையோடு நாங்கள் ஐந்து மாதம் குடித்தனம் நடத்தினோம். வலது பக்க வயிற்றில் தக்காளி நிறத்தில் குடல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றித் துடைத்து, பசை தடவி, பை மாற்றுவது என் வேலை. நான் மாற்றும்போது அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. "பொண்ணு கையில இத்தெல்லாம் செய்ய வுட்டானே" என்பார், யாரைச் சொல்கிறார் என்று தெரியாது. பை திடீரென்று சத்தம் போடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை புத்த விகாரைக்குப் போவதை நிறுத்தினார். அப்புறம் தெருவுக்குப் போவதையும் நிறுத்தினார். பை உப்பிக்கொள்ளும் என்று அவரைக்காய், கொள்ளு, கீரை எல்லாவற்றையும் தள்ளிவைத்து, வெள்ளைச் சோற்றையும் ரசத்தையும் சப்புக்கொட்டாமல் விழுங்கினார்.

நான்காவது மாதம் கடைசியில் புது வம்பு ஒன்று வந்தது. மலமே போகாத ஆசனவாய் வழியாக ரத்தமும் சளியும் வர ஆரம்பித்தது. எனக்கு உடனே புற்றுநோய் என்றுதான் தோன்றியது. தம்பி எதிரில் தைரியமாகப் பேசிவிட்டுக் குளியலறையில் அழுதேன். பெங்களூரில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை. குடலின் உள்சுவர் சிவந்து புண்ணாகி, தொட்டாலே ரத்தம் கசிகிறது என்றார் டாக்டர்.

"எதனால?"

"பட்டினி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பெருங்குடலைப் பற்றி நான் வகுப்பில் நடத்தியது ஒரே ஒரு வரி: பெருங்குடல் நீரை உறிஞ்சுகிறது. அதை அவரிடமும் சொன்னேன், சோதனைக்கு வந்த அதிகாரியிடம் மாணவி ஒப்பிப்பது போல.

"அது பாதி கதைதான் டீச்சர்" என்று சிரித்தார். "நார்ச்சத்தை நம்மளால ஜீரணம் பண்ண முடியாது. சிறுகுடல் அதை அப்படியே கீழே தள்ளிடும். பெருங்குடல்ல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு. அதுங்கதான் நாரைப் புளிக்க வைக்குது, நம்ம இட்லி மாவு புளிக்கிற மாதிரி. அப்போ சில அமிலம் உண்டாகும். பெருங்குடலோட உள்சுவர் உயிர் வாழறதே முக்கியமா அந்த அமிலத்தைச் சாப்பிட்டுத்தான். ரத்தத்துல இருந்து வர்ற சத்து மட்டும் அதுக்குப் பத்தாது. இவருக்கு எல்லாம் மேலேயே பையில போயிடுது. நார் எறங்கல, பாக்டீரியாவுக்கு வேலை இல்ல, சுவருக்குச் சாப்பாடு இல்ல."

அப்பா இதையெல்லாம் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை டாக்டரிடம் அவர் நேரடியாகப் பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினார்.

"அப்ப கீழ லேபர் பட்டினியா கீறான்னு சொல்றீங்க."

"ஆமாங்கய்யா" என்றார் டாக்டர். "கரெக்டா சொன்னீங்க."

"வழிய மூட்னா அப்டித்தான் ஆவும்" என்றார் அப்பா. டாக்டர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்குப் பாக்டீரியா எல்லாம் லேபர் ஆகிவிட்டது. டீ குடிக்கும்போது, "இத்த குடிச்சா லேபருக்குப் போவாதில்ல?" என்பார். ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மேலயே எல்லாத்தையும் வாரிக்கிறானுங்க" என்று பையை ஒரு கெட்ட வார்த்தையால் திட்டுவார். வயிற்றில் தட்டி, "இரு, இரு, வருது" என்று சமாதானம் சொன்னதைக்கூடப் பார்த்திருக்கிறேன். மைன்ஸ் மூடிய நாளிலிருந்து அவர் யாருக்காகவும் இவ்வளவு கவலைப்பட்டதில்லை. எங்களுக்காகவும் இல்லை.

எனக்கோ வேறு பைத்தியம் பிடித்தது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து செல்போனில் அதைப்பற்றியே படித்தேன். அந்த அமிலங்களில் ஒன்று கெட்டுப்போன வெண்ணெயில் வாடை கொடுக்கும் அதே அமிலம் என்று படித்தபோது வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். காற்றே இல்லாத இருட்டில் அவை நாரைப் பிரிக்கின்றன, அமிலம் சுவருக்குப் போகிறது, மிச்சம் வாயுவாக வெளியேறுகிறது. வாயு என்பது அந்தப் புளிப்பின் புகை, அவ்வளவுதான் என்று மனதில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் ஒரே பாடப்புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தவளுக்குப் புதிதாக ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் தலையில் கொம்பு முளைத்துவிடும். எனக்கும் முளைத்திருந்தது.

குடலை மறுபடி உள்ளே சேர்ப்பதுதான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பாடு கீழே இறங்க ஆரம்பித்தால் புண் தானாக ஆறும். அவர் வயதுக்குத் தள்ளிப்போடுவதும் நல்லதில்லை. மார்கழியில் சேர்த்தார்கள். ஒரு மணிநேர ஆபரேஷன்தான். வெளியே வந்தவர் முதலில் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பை இல்லை. ஐந்து மாதத்தில் அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அப்புறம்தான் இந்தக் காத்திருப்பு. ஒரு நாளைக்கு நாலு தரம் நர்ஸ் வந்து கன்னடத்தில், "கேஸ் ஹோய்தா?" என்று கேட்பார். கேஸ் போச்சா என்று அர்த்தம். நான் அதை அப்பாவிடம், "நைனா, காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்பேன். அவர் தலையாட்டி இல்லை என்பார். நர்ஸ் எழுதிக்கொண்டு போவார். முதல் நாள் இப்படியே ஓடியது. இரண்டாம் நாள் வயிறு லேசாக உப்பியது, விக்கல் வந்தது. ஆபரேஷன் முடிந்த குடல் சில பேருக்கு மரத்துப்போய் அப்படியே கிடக்கும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் காலையில் அவர் முகத்தில் அந்தப் பயப்பட வேண்டாம் கொஞ்சம் குறைந்திருந்தது. நாளைக்குள் வாயு போகவில்லை என்றால் ஸ்கேன், மூக்குவழியாக டியூப், தேவைப்பட்டால் மறுபடி வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி திறந்தால் இந்த உடம்பு தாங்காது. அது எனக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

இதற்குள் அப்பாவுக்கு நினைவு பிசக ஆரம்பித்திருந்தது. மயக்க மருந்தும் வலி மருந்தும் வயதும் சேர்ந்தால் அப்படி ஆகும், சரியாகிவிடும் என்றார்கள். கொஞ்ச நேரம் தெளிவாக இருப்பார், கொஞ்ச நேரம் மைன்ஸில் இருப்பார். தம்பியைப் பார்த்து, "லாம்ப் வாங்கினியா? நெம்பர் சொன்னியா?" என்று அதட்டினார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் ஏன் ஆடுகிறது என்று கேட்டார். திடீரென்று தெளிந்து, "தொண்டை காயுதும்மா. ஒரு வாய் தண்ணி குடு. லேபருக்கு இன்னாத்த அனுப்புவேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். குழந்தை மாதிரி அதைக் கவ்வி உறிஞ்சினார்.

அன்று மத்தியானம் கேன்டீனில் தம்பியிடம் என் கணக்கைச் சொன்னேன். "இவங்க கேஸ் வரலன்னு சாப்பாடு குடுக்க மாட்றாங்க. சாப்பாடு போனாத்தானே அது புளிச்சு கேஸ் வரும்? அஞ்சு மாசமா அந்தக் குடல்ல ஒண்ணுமே போவல. காலிப் பானைய வச்சுட்டுப் பொங்கல பொங்கலன்னா எப்டிப் பொங்கும்?"

தம்பி இட்லியைப் பிட்டபடியே, "டாக்டராண்ட கேளு" என்றான்.

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் விளங்கியிருக்கும். அவர்கள் வாயு உண்டாகிறதா என்று பார்க்கவில்லை, குடல் அசைகிறதா என்று பார்க்கிறார்கள். வாயு இல்லாமல் இல்லை. நாம் விழுங்கும் காற்றே போதும், வயிறு அதனால்தானே உப்பியிருந்தது. குடல் விழித்து அதைத் தள்ளுகிறதா என்பதுதான் கேள்வி. தள்ளாத குடலுக்குள் எதைப் போட்டாலும் அது கீழே போகாது, வந்த வழியே திரும்பும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்தேன்.

மாலை நாலு மணிக்கு நர்ஸ்களின் ஷிப்ட் மாறியது. புதிதாக வந்தவள் வடகர்நாடகப் பக்கத்துப் பெண், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என்னைக் கேட்காமல் நேராக அப்பாவின் பக்கம் குனிந்து, தாத்தா என்று கன்னடத்தில் கூப்பிட்டு, சத்தமாக, "அஜ்ஜா, கேஸ் ஹோய்தா?" என்றாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். மூன்று நாளாக முனகிக்கொண்டிருந்தவருக்கு எங்கிருந்தோ அவருடைய பழைய குரல் வந்தது.

"போச்சு. கிளியர். எறங்கலாம்."

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பாஷையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுப்புக்கு வருவதை எங்கள் வீட்டில் சிலிண்டர் என்றுதான் சொல்வோம். வயிற்றில் வருவது காத்து. கேஸ் என்றால் ஒன்றே ஒன்றுதான்: கீழே பாறைக்கு வெடி வைத்தபிறகு அந்த லெவல், அதாவது அந்த ஆழத்துச் சுரங்கப் பாதை, முழுக்க நிறைந்து நிற்கும் புகையும் கெட்ட காற்றும். அது போகும்வரை யாரும் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. முந்திப்போன ஆள் ஒருவரை அப்பா தோளில் போட்டுத் தூக்கி வந்திருக்கிறார், அவர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை வீட்டில் வேறு எதற்கும் சொல்ல விடமாட்டார். கேஸ் போச்சா என்று ஒருவர் குரல் கொடுப்பார். பார்த்துவிட்டு வந்தவர், போச்சு, கிளியர், எறங்கலாம் என்று பதில் கொடுப்பார். ஆட்கள் உள்ளே போவார்கள். நானும் தம்பியும் சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் இதையே விளையாட்டாக விளையாடி, அடி வாங்கியிருக்கிறோம்.

அதனால்தான் மூன்று நாளும் நர்ஸின் கேஸை நான் காத்தாக மாற்றி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஒரு தரம் அந்த வார்த்தை மாறாமல் நேராக அவர் காதில் விழுந்துவிட்டது.

நர்ஸ் என்னைப் பார்த்து, "ஏனந்த்ரு?" என்றாள். என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"ஹோய்தந்தெ" என்றேன்.

தமிழில் சொன்னால், போச்சாம். அந்தக் கன்னட வார்த்தையின் கடைசியில் வரும் அந்தெயும், போச்சாமின் கடைசியில் வரும் நம்முடைய ஆமும் ஒரே வேலையைச் செய்கிறவை. நான் சொல்லவில்லை, அவர் சொன்னார் என்று கையைக் கழுவிக்கொள்ள உதவுகிறவை. அப்பா மூன்று வார்த்தை சொன்னார். நான் ஒன்றை மட்டும் கன்னடத்தில் கொடுத்தேன். எறங்கலாம் என்றதை விட்டுவிட்டேன். அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் முழித்திருப்பாள், எங்கே இறங்குவது என்று கேட்டிருப்பாள், நான் விளக்கியிருக்க வேண்டும். விளக்கினால் அவர் வாய்க்குத் தண்ணீர் கிடைக்காது.

அவள் முகம் மலர்ந்து, "குட், குட், அஜ்ஜா" என்று அவர் தோளைத் தட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். டூட்டி டாக்டர் வந்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். ஏதோ லேசாகக் கேட்கிறது, பரவாயில்லை, மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றார். முதலில் தண்ணீர், கொஞ்ச நேரம் கழித்து இளநீர். அப்பா இளநீரைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பெரிய டாக்டர் வருவதற்கு முன்பே நீர்த்த கஞ்சி கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். கேன்டீனில் கேழ்வரகுக் கஞ்சி கிடைத்தது. அரை டம்ளர் கொடுக்கச் சொன்னார்கள். நான் முழு டம்ளர் கொடுத்தேன். அரிசிக் கஞ்சியில் என்ன நார் இருக்கிறது, கேழ்வரகுதான் கீழே போய்ச் சேரும் என்று என் கொம்பு சொன்னது.

ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். அன்று காலையில் அப்பா ரொம்பத் தெளிவாக இருந்தார். "கேவுரு கஞ்சியா?" என்று கேட்டார். "உப்பு கம்மி" என்றார். கடைசி ஸ்பூனை விழுங்கிவிட்டு, "போதும்மா, லேபருக்கு வந்துச்சு" என்றார். இந்த வருடத்திலேயே எனக்கு மனசு நிறைந்த நேரம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வருவதில்லை.

பதினோரு மணிக்கு வாந்தி எடுத்தார். மல்லாந்து படுத்திருந்தவருக்குத் திரும்பக்கூடத் தெம்பில்லை. பச்சையும் பழுப்புமாக மூக்கிலும் வாயிலும் வந்தது. நான் அவரைப் பக்கவாட்டில் திருப்புவதற்குள் பாதி உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் மூச்சுக்குத் தவித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ஓடி வந்தார்கள், உறிஞ்சினார்கள், தள்ளுவண்டியில் போட்டு ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள். கேழ்வரகுக் கஞ்சி நுரையீரலுக்குள் போயிருந்தது. வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். குடல் அசையவே இல்லை. ஆபரேஷன் நாளிலிருந்து ஒரு இஞ்சுகூட அசையவில்லை.

ஐ.சி.யு.வில் ஆறு நாள் மெஷின் மூச்சு விட்டது. நானும் தம்பியும் வெளியே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். தம்பி என்னிடம், "கேஸ் போச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் எப்டி?" என்று ஒரு தரம் கேட்டான். "நைனாதான் சொன்னாரு" என்றேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. புத்தி பிசகின மனுஷன் ஏதோ உளறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

நாலாவது நாள் காலை ஐ.சி.யு. நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து என்னைத் தேடினார். முகமெல்லாம் சிரிப்பு. கேஸ் போயிற்று, கொஞ்சம் மலமும் போயிற்று, குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றார். நல்ல சேதி சொல்லக் கிடைப்பதே அபூர்வம் என்பதால் ஓடி வந்திருந்தார் போல. நான் அவருக்குத் தேங்க்ஸ் சொன்னேன். பிறகு படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். உள்ளே குடலும் லேபரும் வேலைக்கு வந்துவிட்டன. ஒரு மருந்தும் இல்லாமல், தாமாகவே, இன்னும் மூன்று நாள் பொறுத்திருந்தால் போதும் என்பது போல வந்துவிட்டன. டியூப் வழியாக உணவு கொடுக்க ஆரம்பித்தார்கள். நுரையீரல்தான் திரும்பவில்லை. ஆறாவது நாள் பிற்பகல் அப்பா போய்விட்டார்.

ஊரிகத்துக்குக் கொண்டுவந்தோம். அவரோடு இறங்கியவர்களில் மிச்சமிருந்த நாலைந்து பேர் வந்தார்கள், எல்லாருக்கும் மூச்சு இரைத்தது. விகாரைக்காரர்கள் வந்து பஞ்சசீலம் சொன்னார்கள். கூடியிருந்தவர்கள் திருப்பிச் சொன்னார்கள். நான்காவது சீலம், பொய் பேசுவதிலிருந்து விலகியிருப்பேன் என்பது. நான் வாயை மட்டும் அசைத்தேன். மண் போடும்போது தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அது பொறுக்க முடியாமல் இருந்தது.

பதினைந்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை தம்பி வீட்டுக்கு வந்தான். இறப்புச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக் காகிதங்களை வாங்கி வந்திருந்தான். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினான். கடைசித் தொகுப்புக் காகிதத்தில் ஒரு வரியில் அவன் விரல் நின்றது. ஆங்கிலத்தில் இருந்ததை எனக்காக மெதுவாகத் தமிழில் படித்தான். மூன்றாம் நாள் மாலை வாயு பிரிந்தது, தகவல் கொடுத்தவர் மகள்.

ஆஸ்பத்திரி இங்கிலீஷில் அந்தெயும் கிடையாது, ஆமும் கிடையாது.

"இன்னாக்கா இது? நைனா சொன்னாருன்னு சொன்ன."

"நைனாதான் சொன்னாரு."

"இன்னான்னு சொன்னாரு?"

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமாக இருந்த அடுப்பைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். "போச்சுன்னு சொன்னாரு" என்றேன்.

"அவ்ளோதானா? அவரு சொன்னது அப்டியே சொல்லு."

இவனிடம் மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. துணியைக் கீழே வைத்தேன்.

"போச்சு. கிளியர். எறங்கலாம்."

தம்பி காகிதத்தைக் கட்டில்மேல் வைத்தான். அவனுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குரலை உயர்த்தாமல் கேட்டான்.

"எறங்கலாம்னு சொன்னப்பவே உனக்குத் தெரிஞ்சுதா, அவரு கீழ மைன்ஸ்ல கீறாருன்னு?"

"தெரிஞ்சுது" என்றேன்.